ஷாக் போயிடுச்சு, அதுக்கு பதிலா லோயரிங் ஸ்பிரிங் போடலாமா? பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். சேலத்துல ஒரு தம்பி, 2013 ஸ்விஃப்ட் விடிஐ வச்சிருக்காரு, 1,12,000 கிமீ ஓடியிருக்கு. முன்னாடி ரெண்டு ஷாக்குலயும், அதாவது வண்டி ஆட்டத்த அடக்கற ஷாக் அப்சார்பர்லயும், எண்ணெய் ஒழுகுது, பின்னாடி ஸ்பீட் பிரேக்கர் தாண்டினா வண்டி ரெண்டு மூணு தடவ குதிச்சிட்டுதான் அடங்குது. மெக்கானிக் ஷாக் மாத்தணும்னு சொல்லிட்டாரு. தம்பி யோசிச்சது என்னன்னா, எப்படியும் கழட்டத்தான் போறோம், அந்த காச வண்டி உயரத்த குறைக்கற லோயரிங் ஸ்பிரிங்ல போட்டா வண்டியும் இறங்கி அழகா இருக்கும், கெட்டியான ஸ்பிரிங்கறதால குதிக்கறதும் நின்னுடும், கொல்லிமலை போறப்ப வளைவுல சாயறதும் குறையும், ஷாக்க அப்புறம் பாத்துக்கலாம், சரிதானே அண்ணா?

சரி இல்ல தம்பி. நேரா சொல்லிடறேன், நீங்க செய்யலாம்னு நினைக்கறது உங்க வண்டிய இப்ப இருக்கறத விட மோசமாக்கும், அதுவும் நீங்க எதுக்காக செய்யறீங்களோ அந்த கொல்லிமலை வளைவுலதான் ரொம்ப மோசமாக்கும். லோயரிங் ஸ்பிரிங்கே கூடாதுன்னு நான் சொல்லல, நானே நிறைய வண்டிக்கு போட்டு குடுத்திருக்கேன். ஆனா செத்த ஷாக்குக்கு மருந்து ஸ்பிரிங் கிடையாது, ரெண்டும் வேற வேற வேல பாக்கற சாமான்.

எப்படின்னு சொல்றேன். வண்டியோட எடைய தாங்கறது ஸ்பிரிங் மட்டும்தான். ஷாக் எடைய தாங்கறதே இல்லன்னே வச்சுக்கலாம், கேஸ் ஷாக்கா இருந்தா சின்னதா ஒரு தள்ளு இருக்கும், அவ்வளவுதான். பள்ளத்துல விழுந்தா ஸ்பிரிங் அமுங்கும், அமுங்கின சக்திய அப்படியே திருப்பி குடுக்கும், வண்டி மேல எழும்பும், திரும்ப இறங்கும், திரும்ப எழும்பும். ஊஞ்சல ஒரு தள்ளு தள்ளிவிட்டா அது பாட்டுக்கு ஆடிக்கிட்டே இருக்கும் இல்ல, அந்த மாதிரி. ஊஞ்சல நிறுத்தறதுக்கு கால தரையில ஊனுவோம் பாருங்க, அந்த கால்தான் ஷாக். உள்ள பிஸ்டன்ல சின்ன சின்ன ஓட்ட, வால்வு இருக்கும், எண்ணெய் அது வழியா கஷ்டப்பட்டு போறப்ப ஆட்டம் முழுக்க சூடா மாறி காத்துல போயிடும். கரடுமுரடு ரோட்டுல ரொம்ப நேரம் ஓட்டிட்டு வந்து நல்ல ஷாக்க தொட்டு பாத்தீங்கன்னா சூடாத்தான் இருக்கும், செத்த ஷாக் அந்தளவு சூடே ஆகாது ஏன்னா அது வேலையே பாக்கல.

இப்ப கெட்டியான ஸ்பிரிங் போட்டா என்ன ஆகும்? ஊஞ்சல இன்னும் வேகமா தள்ளுன மாதிரி ஆகும். கெட்டி ஸ்பிரிங் அதே பள்ளத்துக்கு கம்மியா அமுங்கும், உண்மைதான், ஆனா திருப்பி தள்ளறது வேகமா தள்ளும். கணக்கு என்னன்னா, ஸ்பிரிங் 30 சதவீதம் கெட்டியானா அதே அளவு அடக்கத்துக்கு ஷாக்குக்கு கிட்டத்தட்ட 14 சதவீதம் கூடுதல் பலம் வேணும், இது வர்க்கமூலத்துல வர்ற கணக்கு. உங்க ஷாக்குல ஏற்கனவே இருக்கவேண்டிய பலமே இல்ல, எண்ணெய் வெளிய போயிட்டிருக்கு, அதுகிட்ட போய் இன்னும் கூடுதலா வேல குடுத்தா எப்படி. அதுல முக்கியமா வேணும்கறது ரீபவுண்டு, அதாவது ஸ்பிரிங் விரியறப்ப அத புடிச்சு நிறுத்தற பலம். ஷாக் தேயறப்ப அதுவும் சேந்து போயிடும். அப்ப வண்டி குதிக்கறது நிக்காது, சின்னதா வேகமா வெடுக்கு வெடுக்குனு குதிக்கும், டயர் ரோட்ட விட்டு விட்டு தொடும்.

இத நான் படிச்சு மட்டும் சொல்லல. 2006ல எங்கிட்ட ஒரு பழைய ஜென் இருந்தது, 80,000 கிமீக்கு மேல ஓடின வண்டி, ஷாக் ஒழுகல, அதனால நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணி லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போட்டேன். முதல் வாரம் சூப்பரா இருந்த மாதிரி தெரிஞ்சது, கெட்டியா இருந்தா ஹேண்ட்லிங் நல்லா இருக்குன்னு நமக்கு தோணும், அது ஒரு ஏமாத்தற உணர்வு. மூணு மாசத்துல முன் ஷாக் ரெண்டும் ஒழுக ஆரம்பிச்சது. அதுக்குள்ள ஒரு நாள் கோயமுத்தூர் எல் அண்ட் டி பைபாஸ்ல, அந்த ரோடு எவ்வளவு குறுகல்னு போனவங்களுக்கு தெரியும், ஒரு லேசான வளைவுல பாலத்தோட ஜாயிண்ட் ஏறினதும் வண்டி பக்கவாட்டுல அப்படியே தாவி பாதி லேன் எதிர்பக்கம் போயிடுச்சு. வேகம் 70 கூட இருக்காது. எதிர்ல லாரி இல்ல, அதனாலதான் இத எழுதிட்டிருக்கேன். பின் சீட்ல என் பொண்ணு தூங்கிட்டிருந்தா. அன்னைக்கு ராத்திரியே பழைய ஸ்பிரிங்க திரும்ப மாட்டிட்டேன். அதுக்கப்புறம் யாரு வந்து ஸ்பிரிங் மட்டும் போதும்னு கேட்டாலும் நான் போட்டு குடுக்கறதில்ல.

சரி, இப்ப உங்க வண்டிக்கு வருவோம். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி வண்டிய ஒழுங்கா பாருங்க, செலவே இல்லாத வேல இது.

மொதல்ல ஷாக். மேல லேசா ஈரம் கசிஞ்சு தூசி ஒட்டியிருந்தா அது பெருசா தப்பில்ல, சீல் வழியா கொஞ்சம் எண்ணெய் பூசினமாதிரி வர்றது சகஜம். ஆனா உடம்பு முழுக்க வழிஞ்சு கீழ சொட்டு சேந்திருந்தா போச்சு. பானட்ட புடிச்சு அமுக்கி விட்டு பாக்கற டெஸ்ட் எல்லாரும் செய்வாங்க, அது முழுசா செத்த ஷாக்க மட்டும்தான் காட்டும், பாதி செத்தது அதுல பாஸ் ஆகிடும். அத விட நம்பகமானது டயர். உள்ளங்கைய டயர் மேல சுத்தி தடவி பாருங்க, மேடு பள்ளம் மேடு பள்ளம்னு அலை அலையா கைக்கு தட்டுப்பட்டா, ஷாக் டயர ரோட்டுல அமுக்கி வைக்கறதில்லன்னு அர்த்தம். 80ல போறப்ப வண்டிக்குள்ள ஒரு ஊஊனு சத்தம் வந்து, அத வீல் பேரிங்னு நினைச்சு மாத்திட்டு சத்தம் போகாம வர்றவங்க நிறைய பேரு, அது இந்த அலை டயர் சத்தமாத்தான் இருக்கும்.

அடுத்து ஒரு டேப் எடுத்து ஒவ்வொரு வீலோட நடு மையத்துல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளங்க. சமதரையா இருக்கணும், டிக்கில சாமான் இருக்கக்கூடாது. இடது வலது 10 மிமீக்கு மேல வித்தியாசம் வந்தா ஸ்பிரிங் ஒரு பக்கம் தொங்கிடுச்சு, இல்ல அடி சுத்து உடைஞ்சிருக்கு. சிரிக்காதீங்க, காயில் ஸ்பிரிங் அடி சுத்து உடைஞ்சது தெரியாமயே வருஷக்கணக்கா ஓட்டறவங்க இருக்காங்க, தட்டுல உரசி பெயிண்ட் போய் அங்க துரு புடிச்சு அங்கயே உடையும், கடற்கரை ஊரு வண்டிகள்ல இது அதிகம். 1,12,000 ஓடின வண்டில லோயர் ஆர்ம் புஷ் (வீல கீழ புடிச்சிருக்கற கையோட ரப்பர்), லிங்க் ராட் (ஸ்டேபிலைசர் பார கட்டற சின்ன கம்பி), ஷாக் மேல் மவுண்ட் (ஷாக்க பாடியோட சேக்கற இடம்) மூணுல ஒன்னாவது போயிருக்கும். கல்லு ரோட்டுல வர்ற கட கட சத்தம் பெரும்பாலும் லிங்க் ராட்தான், அதுக்கு ஷாக்க பழி சொல்லி மாத்தி பிரயோஜனம் இல்ல. ஸ்டியரிங்க நின்ன இடத்துலயே திருப்பறப்ப டொங்குனு ஸ்பிரிங் முறுக்கி விடற சத்தம் வந்தா மேல் மவுண்ட் பேரிங்.

என் அபிப்பிராயம் கேட்டா மொதல்ல கம்பெனி உயரத்துக்கே நாலு நல்ல ஷாக் போடுங்க, ஜோடி ஜோடியா, ஒரு பக்கம் மட்டும் மாத்தவே மாத்தாதீங்க. கூடவே முன்னாடி மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கறப்ப இடிய வாங்கற ரப்பர்), டஸ்ட் பூட் (ஷாக் ராட மூடற உறை) எல்லாம் புதுசு. இதுல காச மிச்சம் பண்றவங்கள பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், டஸ்ட் பூட் கிழிஞ்சிருந்தா மண்ணு ராடுல ஒட்டி சீல அறுத்திடும், புது ஷாக் ஒரு வருஷத்துல திரும்ப ஒழுகும், அப்ப திரும்ப லேபர். கேப்ரியல், மன்றோ, கேஒய்பி எது கிடைக்குதோ, உங்க வண்டிக்குன்னு பார்ட் நம்பர் போட்டது, பில்லோட வாங்குங்க. போட்டுட்டு ஒரு மாசம் ஓட்டுங்க, அப்படியே கொல்லிமலையும் ஒரு தடவ ஏறி இறங்குங்க. 70 கொண்டை ஊசி வளைவு இருக்கு, அதவிட நல்ல டெஸ்ட் ரோடு உங்க பக்கத்துல கிடையாது. நான் சொல்றேன், இப்ப நீங்க சாயுது சாயுதுனு சொல்றதுல பெரிய பங்கு செத்த ஷாக்தான். ஷாக் வளைவுல கடைசியா வண்டி எவ்வளவு சாயணும்னு தீர்மானிக்காது, அது ஸ்பிரிங்கும், இடது வலது வீல இணைக்கற ஸ்டேபிலைசர் பார்ங்கற கம்பியும் செய்யற வேல, ஆனா எவ்வளவு வேகமா சாயுது, சாஞ்சிட்டு திரும்ப எப்படி நிமிருதுங்கறது ஷாக் கையிலதான் இருக்கு. நமக்கு பயமா தெரியறது அந்த வேகமும் தள்ளாட்டமும்தான். ஒரு வளைவுல இருந்து அடுத்த எதிர் வளைவுக்கு திருப்பறப்ப வண்டி ஒரு நொடி பின்தங்கி வர்ற மாதிரி இருக்கும் பாருங்க, புது ஷாக்ல அது போயிடும்.

ஒரு மாசம் ஓட்டின அப்புறமும் இறக்கணும்னு ஆசை இருந்தா, தாராளமா செய்யலாம், ஆனா அப்ப தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள் இருக்கு.

உங்களோடது ரெண்டாவது தலைமுறை ஸ்விஃப்ட், அதுக்கு கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல இடைவெளி, 170 மிமீ, வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல தூரம், 2430 மிமீ. 30 மிமீ இறக்கினா 140. அந்த 170ங்கறதே காலி வண்டிக்கு, நாலு பேரு ஏறி டிக்கில பை வச்சா இன்னும் கம்மியாகும். ரெண்டு வீலுக்கு நடுவுல ஒரு மேட்ட உரசாம தாண்டற கோணம் கணக்கு போட்டா 170ல கிட்டத்தட்ட 16 டிகிரி வரும், 140ல 13 டிகிரிதான். ரோட்டுக்கு அளவு வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்போட அளவுப்படி போட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலம் 10 செமீ உயரம், அதுல 25 கிமீ வேகத்துல இறக்கின வண்டியும் சுகமா போயிடும். ஆனா நம்ம ஊரு பள்ளிக்கூடம் முன்னாடி, கோயில் முன்னாடி, ராத்திரியோட ராத்திரியா ஊர்க்காரங்களே போட்ட வேகத்தடை எந்த அளவுல இருக்குன்னு உங்களுக்கு தெரியும், சின்ன அகலத்துல செங்குத்தா நிக்கும். அது தினமும் போற வழியில எத்தன இருக்குன்னு எண்ணி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கிளியரன்ஸ் கூட பரவால்ல, சாய்ச்சு ஏத்தி ஓட்டிக்கலாம். யாரும் பேசாத விஷயம் டிராவல், அதாவது ஷாக் ஏறி இறங்கற தூரம். 30 மிமீ வண்டிய இறக்கினா ஷாக் அமுங்கறதுக்கு இருந்த இடத்துல 30 மிமீ போச்சு. ஷாக் ராடு நின்ன இடத்துலயே ஏற்கனவே 30 மிமீ உள்ள போய் நிக்கும். மிச்சம் இருக்கற கொஞ்ச இடத்துல பம்ப் ஸ்டாப் வேற. அதனாலதான் லோயரிங் ஸ்பிரிங்க கட்டாயம் கெட்டியா செய்யறாங்க, அழகுக்கோ ரேஸுக்கோ இல்ல, இருக்கற குறைஞ்ச இடத்துக்குள்ள வண்டிய நிறுத்தணும்ங்கறதுக்கு. வளைவுல சாஞ்சு வெளிப்பக்க வீல் ஏற்கனவே அமுங்கி இருக்கறப்ப ஒரு பள்ளம் வந்தா பம்ப் ஸ்டாப்ல போய் இடிக்கும். அந்த நொடியில சஸ்பென்ஷன் கல்லு மாதிரி ஆயிடும், டயருக்கு பிடிப்பு போயிடும். முன்னாடி இடிச்சா வண்டி திரும்பாம நேரா போகும், பின்னாடி இடிச்சா வாலு வெளிய போகும். மலை ரோட்டுல ரெண்டுமே வேணாம்.

இன்னொன்னும் இருக்கு, இது கொஞ்சம் நுணுக்கமானது ஆனா சொல்லியே ஆகணும். உங்க வண்டில முன்னாடி மெக்ஃபர்சன் ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணா சேந்து இருக்கற அமைப்பு. அந்த அமைப்புல லோயர் ஆர்ம் வண்டி பக்கம் உயரமா, வீல் பக்கம் தாழ்வா சாஞ்சு இருக்கும். வண்டிய இறக்க இறக்க அது சமமாகி அப்புறம் வீல் பக்கம் உயந்துடும். வண்டி சாயறப்ப எந்த புள்ளிய சுத்தி சாயுதோ அத ரோல் சென்டர்னு சொல்வாங்க, ஆர்ம் சாய்வு மாறினா அந்த புள்ளி வண்டி இறங்கறத விட வேகமா கீழ போகும். அப்ப வண்டியோட எடை மையத்துக்கும் அந்த புள்ளிக்கும் நடுவுல இருக்கற நெம்பு நீளமாகும், அதாவது வண்டிய சாய்க்கற கை நீளமாகும். அதனால அதிகமா இறக்கின மெக்ஃபர்சன் வண்டி, ஸ்பிரிங் போதுமான கெட்டி இல்லன்னா, முன்ன விட அதிகமா கூட சாயும். தாழ்வா இருந்தா சாயாதுன்னு பொதுவா ஒரு நினைப்பு இருக்கு, ஓரளவுக்குதான் அது உண்மை. நம்ம ரோட்டுக்கு, குடும்பத்தோட போற வண்டிக்கு, 20லருந்து 25 மிமீ போதும்ங்கறது என் கணிப்பு. 40, 50 எல்லாம் கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி வழுவழு டிராக்குல ஓட்டறவங்களுக்கு, அதுவும் அதுக்குன்னு ஷாக்கும் மத்த ஜாமானும் மாத்தினவங்களுக்கு.

அதே மாதிரி ஷாக்கும் அந்த உயரத்துக்கு செஞ்சதா இருக்கணும். பில்ஸ்டைன் கம்பெனி இத தெளிவா பிரிச்சே விக்கறாங்க, பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 லோயரிங் ஸ்பிரிங்குக்குன்னு நீளம் குறைச்சு செஞ்சது. உங்க மாடலுக்கு, அதுவும் டீசலுக்கு, எந்த பிராண்டுல என்ன இருக்குன்னு பார்ட் நம்பர் வச்சு விசாரிச்சு பாக்கணும். டீசல்னு அழுத்தி சொல்றேன், ஏன்னா பெட்ரோல் ஸ்விஃப்ட்ட விட உங்க எஞ்சின் எடை அதிகம், பெட்ரோலுக்கு செஞ்ச முன் ஸ்பிரிங்க டீசலுக்கு போட்டா சொன்னத விட அதிகமா இறங்கி மூக்கு குத்தின மாதிரி நிக்கும். ஐபாக், எச் அண்ட் ஆர் மாதிரி நல்ல கம்பெனி ஸ்பிரிங்ல எந்த ஆக்சில் எடை (முன் ஜோடி வீலோ பின் ஜோடி வீலோ தாங்கற எடை) வரைக்கும்னு குறிப்பு இருக்கும், காயில்லயே பார்ட் நம்பர் அச்சு இருக்கும். சிவப்பு பெயிண்ட் அடிச்சு பெட்டில போட்டு விக்கறதுல அது ஒன்னும் இருக்காது. கம்பி தடிமன் ரொம்ப முக்கியம், ஸ்பிரிங்கோட கெட்டித்தனம் கம்பி தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும். 12 மிமீ கம்பிக்கு பதிலா 13 மிமீ, மத்ததெல்லாம் அதே அளவுன்னா, 38 சதவீதம் கெட்டி. ஒரே ஒரு மில்லிமீட்டர்ல அவ்வளவு. அதனால பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கு, எது போட்டா என்னன்னு நினைக்க வேணாம்.

ஸ்பிரிங்க வெட்டி தரேன்னு யாராவது சொன்னா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. சுத்து குறைஞ்சா கெட்டியாகும்ங்கறது சரிதான், ஆனா வெட்டின முனை தட்டுல உக்காராது, அது உக்கார்றதுக்குன்னு முனைய வளைச்சு செஞ்சிருப்பாங்க. கேஸ் வச்சு சூடு பண்ணி இறக்கறது அதவிட கொடுமை, இரும்போட பதமே போயிடும், அப்புறம் அது வெறும் கம்பி. எங்கயோ வெட்டி போட்ட ஒரு வண்டி எங்கிட்ட வந்தது, வெட்டின முனை கீழ் தட்ட கடிச்சு கடிச்சு ஓட்டை போட்டு, இன்னும் ஒரு விரக்கடை போயிருந்தா டயர்ல குத்தியிருக்கும். ஓட்டிட்டு வந்தவருக்கு லேசா சத்தம் வருதுங்கறது மட்டும்தான் தெரியும்.

மாட்டற வேலைக்கு வர்றேன், இங்கதான் நல்ல சாமானையும் கெடுக்கறாங்க, அதனால கூட நின்னு பாருங்க.

முன்னாடி ஸ்ட்ரட்ட மொத்தமா கழட்டி ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டுத்தான் மேல் நட்ட கழட்டணும். அமுக்கி வச்ச ஸ்பிரிங் நூத்துக்கணக்கான கிலோ பலத்தோட உக்காந்திருக்கும், கொக்கி நழுவினா மூஞ்சிதான். கயிறு கட்டி கழட்டறது, கால வச்சு அமுக்கறது, இதெல்லாம் பாத்தா வேலைய நிறுத்திடுங்க. மேல் நட்டுக்கு ஏர் கன் வச்சு டர்ருனு அடிப்பாங்க, ராடு உள்ள சுத்தும், புது ஷாக்கோட உள் வேலை அப்பவே கெடும். ராடு சுத்தாம இருக்கறதுக்கு அதோட உச்சியிலயே ஒரு பிடி இருக்கும், அத ஒரு கையில புடிச்சுக்கிட்டு பானாவால முடுக்கணும். கொடுமையிலயும் கொடுமை, அந்த பளபளன்னு இருக்கற ராட பிளையர் வச்சு புடிக்கறது. நகத்துல தடவினா தெரியற அளவு ஒரு கீறல் போதும், ஒவ்வொரு தடவ ஏறி இறங்கறப்பவும் அந்த கீறல் சீல அரம் மாதிரி ராவிடும். அஞ்சு ஆயிரம் கிமீல ஒழுகி, கம்பெனி சாமான் டூப்ளிகேட்டுன்னு பேரு வரும்.

புது ஷாக் பெட்டில படுக்க வச்சே கிடந்திருக்கும், டுவின் டியூப் ஷாக்கா, அதாவது குழாய்க்குள்ள குழாய் இருக்கறதா, இருந்தா உள்ள காத்து வேற பக்கம் போய் நிக்கும். நிமித்தி வச்சு மூணு நாலு தடவ முழுசா அமுக்கி இழுத்துட்டு மாட்டணும். அப்ப கையில பாருங்க, நல்ல ஷாக் மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே சீரா தேன்ல கரண்டிய இழுக்கற மாதிரி போகும். கழட்டின பழசையும் அதே மாதிரி அமுக்கி பாருங்க, நடுவுல ரெண்டு விரக்கடை ஒன்னுமே இல்லாம லொடக்குனு விழும், அந்த வெத்து இடம்தான் இத்தன நாளா ஸ்பீட் பிரேக்கர்ல உங்கள குதிக்க வச்சது.

பின்னாடி டார்ஷன் பீம், அதாவது ரெண்டு பின் வீலையும் இணைக்கற ஒரே தண்டு, ஸ்பிரிங் தனி ஷாக் தனி, வேலை சுலபம், கம்ப்ரஸர் கூட பெரும்பாலும் வேணாம். ஆனா லோயரிங் ஸ்பிரிங் நீளம் குறைவு. வண்டிய ஜாக்கில தூக்கி வீல் முழுசா தொங்கறப்ப ஸ்பிரிங் கையால ஆட்டினா ஆடக்கூடாது, தட்டுலயே புடிச்சு நிக்கணும். லூசா இருந்தா ஒரு பெரிய பள்ளத்துல வீல் தொங்கி திரும்ப மேல வர்றப்ப ஸ்பிரிங் இடம் மாறி உக்காந்திடும். கம்பெனி நீள ஷாக்கோட லோயரிங் ஸ்பிரிங் போட்டா இந்த வம்பு வர வாய்ப்பு அதிகம், நீளம் குறைஞ்ச ஷாக் வேணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

புஷ் இருக்கற போல்ட்டுகள, லோயர் ஆர்ம், பின் பீம் எல்லாம், வண்டிய லிஃப்ட்ல தூக்கி வச்சிருக்கறப்ப கடைசி முடுக்கு முடுக்கவே கூடாது. ரப்பர் புஷ் முடுக்கின நிலையிலயே புடிச்சுக்கும், வண்டிய இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், ஆறு மாசத்துல கிழியும். லேசா முடுக்கி, வண்டிய தரையில இறக்கி, ரெண்டு தடவ முன்ன பின்ன உருட்டி, வீல் மேல எடை நின்னதுக்கு அப்புறம் டார்க் ரிஞ்ச்ல முடுக்கணும். உயரத்த மாத்தறப்ப இது ரெட்டிப்பு முக்கியம். நான் பாத்த கடைகள்ல பத்துல ஒன்னுதான் இத செய்யுது, நீங்க கேட்டு செய்ய வைங்க.

முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட், கண்டிப்பா. உயரம் மாறினா டோ, அதாவது மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பி நிக்கற கோணம், மாறும், டயர் உள் விளிம்பு திங்கறது முக்கால்வாசி டோவாலதான், கேம்பரால (முன்னாடி இருந்து பாத்தா வீல் சாஞ்சு நிக்கற கோணத்தால) இல்ல. ஹெட்லைட் வெளிச்சம் எங்க விழுதுன்னும் ஒரு சுவர் முன்னாடி நிறுத்தி பாருங்க, மூக்கும் வாலும் ஒரே அளவு இறங்கலன்னா வெளிச்சம் ஏறியோ இறங்கியோ இருக்கும்.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல 52வது பிரிவு, ஆர்சில இருக்கற விவரம் கம்பெனி குடுத்த அசல் விவரத்துல இருந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்னுக்கும் 5,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்ல ரெண்டும்னு இருக்கு. தேய்ஞ்ச ஷாக்குக்கு அதே அளவு ஷாக் போடறது ரிப்பேர், அதுல பிரச்சனை இல்ல. உயரத்த இறக்கறது வேற. செய்யறதா இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் எழுத்துல கேட்டுட்டு செய்யுங்க, விபத்து நடந்து சர்வேயர் வந்து கீழ குனிஞ்சு பாக்கறப்ப விளக்கம் சொல்லிட்டு நிக்கக்கூடாது.

ஸ்பிரிங் போட்ட அன்னைக்கு எடுக்கற உயரம் கடைசி உயரம் இல்ல, ஓட ஓட சில மில்லிமீட்டர் இன்னும் உக்காரும். அதனால 500லருந்து 1000 கிமீ ஓடினப்புறம் திரும்ப நாலு வீலும் அளந்து, போல்ட் எல்லாம் ஒரு சுத்து சரி பாத்து, அலைன்மென்ட்டும் திரும்ப பாத்துடுங்க.

இப்போதைக்கு நாளைக்கு காலைல, வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, அந்த டேப் அளவு நாலையும் எடுத்து அனுப்புங்க தம்பி, கூடவே நாலு டயரோட உள் விளிம்பையும் ஒரு போட்டோ எடுங்க. முன் ரெண்டும் சமமா இருந்து பின்னாடி மட்டும் ஒரு பக்கம் தாழ்வா இருந்தா, ஷாக்கோட பின் ஸ்பிரிங் ஜோடியும் கம்பெனிதே புதுசா போட வேண்டி வரும், அத பாத்துட்டு என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் போட்டு தர்றேன். அதுவரைக்கும் மலை ஏறாதீங்க, பைபாஸ்லயும் மெதுவாவே போங்க.